கட்டிலுக்கடியில் ஒரு பாட்டில்

பெரியப்பாவின் வலது நுரையீரல் சுருங்கிப்போய் ஐந்து நாள் மருத்துவமனையில் கிடந்தோம். முப்பது வருடத்துக்கு முன்பு வந்துபோன டி.பி. விட்டுச்சென்ற தழும்பு ஒன்று, இருமும்போது கிழிந்திருக்கிறது என்றார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சின் வலப்பக்கம் முழுக்கக் கறுப்பு. நடுவில், இதயத்தை ஒட்டி, மூடிய கை அளவுக்கு ஒரு வெளிறிய கட்டி. அதுதான் நுரையீரலாம். விலாவில் சின்னதாகக் கீறி ஒரு குழாயைச் செருகினார்கள். குழாயின் மறுமுனை, கட்டிலுக்கடியில் இருந்த பாட்டிலின் தண்ணீருக்குள் ஒரு விரல் அகலம் மூழ்கி நின்றது.

இரவுத் துணைக்கு உட்கார்ந்தவனுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? பாட்டிலைப் பார்த்தேன். அவர் மூச்சை இழுக்கும்போது குழாய்க்குள் தண்ணீர் மேலே ஏறியது. விடும்போது இறங்கியது. இருமினால் குபுகுபுவென்று குமிழி. பாத்ரூம் போக அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, இன்னொரு கையில் பாட்டிலைத் தூக்கினேன்.

"அண்ணா, அதை இடுப்புக்கு மேல தூக்காதீங்க. தண்ணி உள்ள போயிடும்" என்று தூரத்திலிருந்தே நர்ஸ் அதட்டினார்.

தண்ணீர் கீழிருந்து மேலே, அதுவும் நெஞ்சுக்குள் ஏன் போக வேண்டும்? இந்தக் கேள்விக்குள் சுவாசத்தின் பாதிக் கதை இருக்கிறது.

நாம் 'மூச்சை இழுக்கிறோம்' என்று சொல்கிறோம். நுரையீரல் என்னவோ ஆளை அனுப்பிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறது என்று நினைப்பு. உண்மையில் அது ஒரு சோம்பேறி. விரிந்து காற்றை வாங்குவதற்கான தசை அதனிடம் கிடையாது. தனியே எடுத்து வைத்தால், காற்றுப் போன பலூன் போலச் சுருங்கிக் கிடக்கும். வேலையெல்லாம் அக்கம்பக்கத்தார் செய்வது. அடியில் குடை விரித்தாற்போல உதரவிதானம், சுற்றிலும் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள். உதரவிதானம் இறுகினால் அந்தக் குடை தட்டையாகிக் கீழே இறங்கும். சும்மா இருக்கும்போது ஒன்று, ஒன்றரை செ.மீ. இறங்கினாலே போதும். விலா எலும்புகள் மேலும் பக்கவாட்டிலும் விரியும். மார்புக்கூடு பெரிதாகிவிட்டது. உள்ளே இருக்கும் காற்று அதே அளவு, இடம் மட்டும் கூடியிருக்கிறது. அதனால் அழுத்தம் குறைகிறது. 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி. பத்தாம் வகுப்போடு மறந்துபோகிற ஒன்று. வெளியே வளிமண்டலம் அதே அழுத்தத்தோடு நிற்கிறது. மூக்கு திறந்திருக்கிறது. காற்று உள்ளே தள்ளப்படுகிறது.

கொல்லன் உலைத் துருத்தியும் இப்படித்தான் காற்றை வாங்குகிறது. ஜான் மேயோ என்ற ஆங்கிலேயர் 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரு துருத்திக்குள் விலங்கின் சவ்வுப் பையை வைத்து, துருத்தியை விரிக்கும்போது பை தானாக நிரம்புவதைக் காட்டினார். பைக்குப் பதில் நுரையீரல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் என்னை மலைக்க வைத்தது, இதற்குத் தேவைப்படும் வித்தியாசம் எவ்வளவு சொற்பம் என்பதுதான். வளிமண்டல அழுத்தம் சுமார் 1,033 செ.மீ. உயரத் தண்ணீரைத் தாங்கக் கூடியது. பத்து மீட்டருக்கும் மேல். சாதாரணமாக ஒரு மூச்சு எடுக்கையில் நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் அழுத்தம் குறைவது ஏறக்குறைய 1 செ.மீ. தண்ணீர் அளவுதான். ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஒரு சென்டிமீட்டர் சரிவில் அரை லிட்டர் காற்று உள்ளே வந்துவிடுகிறது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிறோமே, அதை 20 செ.மீ. ஏற்றுவதற்கு வாய் இருபது மடங்கு மெனக்கெட வேண்டும். மூச்சு வாங்குவது இளநீர் குடிப்பதைவிட லேசான வேலை. அதனால்தான் நிமிடத்துக்குப் பன்னிரண்டு, பதினைந்து முறை, தூக்கத்திலும், ஆயுள் முழுக்க அலுக்காமல் நடக்கிறது.

மூச்சை விடுவதற்கு அந்த உழைப்பும் வேண்டாம். தசைகள் தளர்ந்தால் போதும். நீட்டி விட்ட ரப்பர் போல நுரையீரல் தன் பழைய அளவுக்குத் திரும்பும், காற்று வெளியேறும். பாடும்போதும் ஊதும்போதும் இருமும்போதும்தான் வயிற்றுத் தசைகள் கூலிக்கு வருகின்றன. ('நல்லா மூச்சை இழு' என்றால் பலர் வயிற்றை எக்குவார்கள். நேர்மாறாக, உதரவிதானம் கீழே இறங்கக் குடலுக்கு இடம் வேண்டும். வயிறு முன்னே வர வேண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூச்சு முட்டுவதன் ரகசியமும் இதுவே.)

சரி, மார்புக்கூடு விரிந்தால் நுரையீரல் ஏன் கூடவே விரிகிறது? இரண்டும் ஒட்டித் தைக்கப்படவில்லை. நுரையீரலைச் சுற்றி ஒரு மெல்லிய உறை, மார்புச் சுவரின் உட்புறம் இன்னொன்று. நடுவே மயிரிழை இடைவெளி. அதில் இரு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு தேக்கரண்டிக்கு மேல் போகாத திரவம். ஈர மேசைமேல் வைத்த டம்ளரைத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், தூக்கினால் விடாது. அதே உறவுதான் இங்கேயும். வழுக்கலாம், பிரியக் கூடாது.

பிரியத்தான் இரண்டும் துடிக்கின்றன. நுரையீரல் எப்போதும் உள்ளே சுருங்கப் பார்க்கிறது. விலா எலும்புகள் வளைத்து வைத்த மூங்கில் மாதிரி வெளியே துள்ளப் பார்க்கின்றன. இந்த இழுபறியால் நடுவிலுள்ள இடைவெளியில் அழுத்தம் வளிமண்டலத்தைவிட எப்போதும் ஒரு 5 செ.மீ. தண்ணீர் அளவு குறைவு. மூச்சை உள்ளே வாங்கும்போது அது 8 வரை போகும். நுரையீரலை விரித்துப் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் குறைவுதான். ஆணியோ கயிறோ இல்லை. 1820இல் லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கார்சன், இறந்த விலங்கின் மூச்சுக்குழலில் தண்ணீர்க் குழாயை மாட்டிவிட்டு மார்பைத் திறந்தார். திறந்த கணத்தில் நுரையீரல் சுருங்கி, குழாயில் தண்ணீரை மேலே தள்ளியது. சுருங்கத் துடிக்கும் அந்த வேகத்தை அவர் அப்படித்தான் அளந்தார்.

பெரியப்பாவுக்கு நடந்ததும் அதுவே, எதிர்ப்பக்கத்திலிருந்து. தழும்பு கிழிந்ததும், நுரையீரலுக்குள் இருந்த காற்று குறைந்த அழுத்தமுள்ள அந்த இடைவெளிக்குப் பாய்ந்தது. அழுத்தம் சமமானது. பிடி விட்டது. நுரையீரல் கைமுட்டி ஆனது. விலாவும் உதரவிதானமும் ஒழுங்காகத்தான் வேலை செய்தன. கழன்ற சக்கரத்தைச் சுற்றுகிற சைக்கிள் செயின் போல.

பாட்டில் இப்போது புரிந்திருக்கும். குழாய் வழியே நெஞ்சிலிருந்து காற்று வெளியேறலாம், குமிழியாக. திரும்பி வர முடியாது, தண்ணீர் மறிக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாம்பர்க் மருத்துவர் கோட்ஹார்ட் பியூலாவ் நெஞ்சில் கட்டிய சீழை வடிக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இன்றும் எல்லா ஊர் மருத்துவமனையிலும் கட்டிலுக்கடியில் இருக்கிறது. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது ஓர் அழுத்தமானியும்கூட. குழாய்க்குள் ஏறி நிற்கும் தண்ணீரின் உயரம், நெஞ்சுக்குள் அழுத்தம் எவ்வளவு குறைவு என்பதன் சென்டிமீட்டர் கணக்கு. பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கினால் அதே குறைந்த அழுத்தம் தண்ணீரையும் உள்ளே வாங்கிக்கொள்ளும். நர்ஸ் அதட்டியது நியாயம்.

இந்த இடைவெளி ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்களை நெஞ்சின் பக்கமே வரவிடாமல் தடுத்தது. வயிற்றைத் திறக்கலாம், மண்டையைத் திறக்கலாம்; மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கி ஆள் போய்விடுவார். 1904இல் பிரெஸ்லாவ் நகரில் ஃபெர்டினாண்ட் சாவர்ப்ருஹ் என்ற இளம் மருத்துவர் கண்ட தீர்வு வேடிக்கையானது. காற்றுப் புகாத ஓர் அறையைக் கட்டினார். நோயாளியின் தலை மட்டும் அறைக்கு வெளியே, கழுத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை. உடல் உள்ளே. மருத்துவரும் உதவியாளர்களும் கத்தியும் கத்தரியுமாக உள்ளே. அறையின் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்துவிட்டார். மார்பைத் திறந்தாலும் வெளியே உள்ள அழுத்தம் குறைவுதானே, நுரையீரல் சுருங்காது! நோயாளியின் நெஞ்சுக்குள் இருக்கும் இடைவெளியை அறை அளவுக்குப் பெரிதாக்கி, அதற்குள்ளேயே போய் நின்றுகொண்டு அறுவை செய்த மாதிரி. மூச்சுக்குழலில் குழாய் விட்டுக் காற்றைத் தள்ளும் எளிய வழி பின்னால் வந்ததும் அறை வழக்கொழிந்தது. தவறான விடை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இயற்கையின் விடையை அப்படியே பெரிய எழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்.

அதே யோசனையின் தம்பிதான் 'இரும்பு நுரையீரல்'. போலியோவில் சுவாசத் தசைகள் செத்துப்போன குழந்தைகளுக்காக, 1928இல் அமெரிக்காவில் பிலிப் டிரிங்கரும் லூயி அகாசி ஷாவும் செய்த உலோக உருளை. தலை வெளியே, உடல் உள்ளே. உருளைக்குள் அழுத்தத்தைக் குறைத்தால் மார்பு விரியும், காற்று மூக்கு வழியே புகும். கூட்டினால் வெளியேறும். தசை செய்ய வேண்டியதை உருளை செய்கிறது. டெக்சாஸைச் சேர்ந்த பால் அலெக்சாண்டர் 1952இல் ஆறு வயதில் அதற்குள் போனார். சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனார். 2024 மார்ச்சில் 78 வயதில் இறக்கும்வரை அவருக்கு அந்த உருளை தேவைப்பட்டது.

அலெக்சாண்டர் பகலில் சில மணி நேரம் வெளியே வரப் பழகியது தவளையிடம் கற்ற வித்தையால். தவளைக்கு விலாக்கூடும் உதரவிதானமும் இல்லை. வாயின் அடித்தளத்தை இறக்கிக் காற்றை வாயில் நிரப்பி, மூக்கை மூடிக்கொண்டு நுரையீரலுக்குள் தள்ளும், ஏறக்குறைய விழுங்கும். அலெக்சாண்டரும் நாக்காலும் தொண்டையாலும் மிடறு மிடறாகக் காற்றை உள்ளே தள்ளினார். மூன்று நிமிடம் செய்து காட்டினால் நாய்க்குட்டி வாங்கித் தருவதாகச் சிறுவயதில் அவருக்கு ஆசை காட்டியிருந்தார்கள், கிடைத்தது.

தவளை வழியை மருத்துவம் பெரிய அளவில் கையில் எடுத்ததும் அதே 1952இல்தான். கோபன்ஹேகனில் போலியோ பரவி, பிளெக்டம் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. அங்கே இருந்தது ஒரேயொரு இரும்பு நுரையீரலும், மார்பில் மட்டும் கவசம்போல மாட்டும் ஆறு சிறு கருவிகளும். முதல் மூன்று வாரத்தில் சுவாச உதவி தேவைப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன், ஆகஸ்ட் 27 அன்று, சாகும் நிலையிலிருந்த 12 வயதுச் சிறுமியின் கழுத்தில் துளையிட்டுச் செருகிய குழாய் வழியே, ரப்பர்ப் பையை அமுக்கிக் காற்றைத் தள்ளினார். பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாக, கட்டிலருகே உட்கார்ந்து பையை அமுக்கினார்கள். வாரக்கணக்கில். இறப்பு விகிதம் சரிந்தது. இன்றைய ஐ.சி.யூ.வின் தொடக்கம் என்று அந்த வார்டைத்தான் காட்டுகிறார்கள். கோவிட் நாட்களில் நாம் வாயில் அடிக்கடி உருட்டிய வென்டிலேட்டர், அந்த மாணவனின் கைக்குப் பதிலாக வந்த இயந்திரம்.

உயிர் காக்கிறது, அதற்கு விலையும் உண்டு. நாம் இயல்பாக மூச்சு வாங்கும்போது நெஞ்சில் குறையும் அழுத்தம் காற்றை மட்டும் கூப்பிடுவதில்லை, உடம்பின் சிரைகளிலிருந்து இரத்தத்தையும் இதயத்தை நோக்கி வரவழைக்கிறது. இயந்திரம் காற்றைத் தள்ளும்போது அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைபடும். மிகையாகத் தள்ளினால் நுண்ணறைகளே சேதமாகும். வென்டிலேட்டர் அருகே நிற்கும் மருத்துவர் எண்களை மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்.

நம் சினிமாவில் நாயகன் தாமரைத் தண்டை வாயில் வைத்துக்கொண்டு குளத்தடியில் ஒளிந்திருப்பானே, அவனைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நெஞ்சு ஒரு மீட்டர் ஆழத்தில் இருந்தால் சுற்றியுள்ள தண்ணீர் அதை 100 செ.மீ. அளவுக்கு அமுக்கும். தண்டின் வழியே வருவதோ மேலே உள்ள சாதாரணக் காற்று. விலா விரிய வேண்டுமானால் அந்த நூறையும் தள்ளிக்கொண்டு விரிய வேண்டும். திடகாத்திரமான ஆள் முழு மூச்சாக இழுத்தாலும் உண்டாக்கக்கூடிய அழுத்தக் குறைவு ஏறத்தாழ அவ்வளவுதான்; ஓரிரு முறைக்கு மேல் முடியாது. இயக்குநர்கள் மன்னிக்க.

யானைக்கு முடியும். ஆற்றில் உடம்பு முழுக மூழ்கி, தும்பிக்கை நுனியை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நீந்தும். நுரையீரலில் வெளிக்காற்றின் அழுத்தம், உடம்பைச் சுற்றி ஆழத் தண்ணீரின் அழுத்தம். நம்மைப்போல மெல்லிய உறை இருந்தால், அதிலுள்ள நுண்குழாய்கள் வெடித்து நெஞ்சில் இரத்தம் கொட்டிவிடும். யானைக்கு அந்த இடைவெளியே கிடையாது. அங்கே இணைப்புத் திசு அடைத்துக்கொண்டு நிற்கிறது. யானையின் இந்த விநோதம் 300 வருடமாகத் தெரிந்த சேதி. காரணம் இந்தத் தும்பிக்கை நீச்சலாக இருக்கலாம் என்று விளக்கியவர் கலிஃபோர்னியாவின் ஜான் வெஸ்ட், 2000களின் தொடக்கத்தில்தான்.

நான்காம் நாள் பாட்டிலில் குமிழி நின்றது. ஐந்தாம் நாள் காலை தண்ணீரும் ஏறி இறங்கவில்லை. பதறிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பெரியப்பாவை இருமச் சொன்னார். குமிழி வரவில்லை. "விரிஞ்சிடுச்சு போல. டாக்டர் வந்து படம் எடுத்துப் பார்க்கட்டும்" என்றார். விரிந்த நுரையீரல் குழாயின் வாயை அடைத்துக்கொண்டதால் தண்ணீருக்கு வேலை இல்லாமல் போயிருக்கிறது. எக்ஸ்ரேயில் கறுப்பு மறைந்து, நெஞ்சின் ஓரம்வரை நுரையீரலின் மெல்லிய கோடுகள்.

மதியம் குழாயை எடுக்க வந்த இளம் டாக்டர், ஒரு கையில் பஞ்சும் பிளாஸ்டரும் தயாராக வைத்துக்கொண்டு, "ஐயா, நல்லா மூச்சை இழுத்து அப்படியே பிடிச்சுக்கங்க, நான் சொல்றவரைக்கும் விடாதீங்க" என்றார். குழாய் வெளியே வரும் நொடியில் பெரியப்பா மூச்சு வாங்கிவிட்டால், ஓட்டை வழியாகவும் காற்று உள்ளே போய்விடும். பெரியப்பா கன்னம் உப்ப, கண்ணை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நானும் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது டாக்டர் "ம், விடுங்க" என்ற பிறகுதான் தெரிந்தது.