கைக்காசில் ஓடும் பள்ளிகள்

முப்பது பிள்ளைகளுக்கு மேல் இல்லாத அரசுத் தொடக்கப்பள்ளிக்கு, சமக்ர சிக்ஷா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் ஆண்டுக்கு 10,000 ரூபாய். நூறு பிள்ளைகள் வரை இருந்தால் 25,000. அதில் பத்தில் ஒரு பங்கைத் துப்புரவுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றின் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசியாக எங்கள் பள்ளியில் படித்தவர்கள் 28 பேர். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப்பள்ளி ஆண்டுக்கு 200 நாளாவது நடக்க வேண்டும். கணக்குப் போட்டால் நாளுக்கு 50 ரூபாய். ஒரு பிள்ளைக்கு இரண்டு ரூபாய்கூட வராது.

அந்த ஐம்பது ரூபாயில்தான் சாக்பீஸ், பதிவேடுகள், துடைப்பம், பினாயில், பல்பு, குழாய் வாஷர், தேர்வுத் தாள் ஜெராக்ஸ், குடியரசு நாள் மிட்டாய். பாடநூல், சீருடை, மதிய உணவு, இப்போது காலை உணவு என்று பிள்ளைகளுக்கு நேரடியாகச் சேர வேண்டியவற்றைத் தமிழ்நாடு நன்றாகவே செய்கிறது. அதில் எனக்கு மனநிறைவு உண்டு. கட்டடத்தைப் பள்ளிக்கூடமாக நடத்துவதற்கான செலவு இருக்கிறதே, அங்கேதான் துண்டு விழுகிறது.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரமே மோட்டார் காயில் எரிந்தது. கழிப்பறையில் தண்ணீர் இல்லை. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் இடைவேளையில் வீட்டுக்கு ஓடினார்கள். இரண்டு பேர் மத்தியானம் திரும்பி வரவில்லை. மெக்கானிக் 3,500 ரூபாய் கேட்டார். மானியம் வந்திருக்கவில்லை. கையிலிருந்து கொடுத்துச் சரிசெய்தேன். கல்வியாண்டு பாதி கடந்த பிறகு மானியம் வந்தது. ஜூன் மாதப் பில்லைக் கொண்டுபோனால், பணம் வந்த தேதிக்கு முந்தைய பில் செல்லாது என்றார்கள். அந்த 3,500 எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அரசின் கணக்கில் அந்த வருடம் எங்கள் பள்ளி மோட்டார் பழுதாகவே இல்லை.

இப்படித்தான் ஆயிரக்கணக்கான பள்ளிகள் ஓடுகின்றன. தலைமையாசிரியரின் கைக்காசு அவற்றின் ஓட்டையை அடைக்கிறது. அடைத்துவிடுவதால், ஓட்டை இருப்பதே வெளியே தெரிவதில்லை. கல்வி நிதி பற்றிய அரசியல் சண்டையைக் கேட்கும்போதெல்லாம் என்னை உறுத்துவது இதுதான்.

சண்டையின் கதை பலருக்குத் தெரிந்ததுதான். சமக்ர சிக்ஷாவில் நூற்றுக்கு 60 ரூபாய் ஒன்றிய அரசின் பங்கு, 40 ரூபாய் மாநிலத்தின் பங்கு. 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் வரவில்லை. பி.எம். ஸ்ரீ எனும் ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் பணம் என்றது டெல்லி. அதில் கையெழுத்திட்டால் தேசியக் கல்விக் கொள்கையை முழுவதும் ஏற்றதாகிவிடும், மும்மொழிக் கொள்கை உள்ளே வந்துவிடும் என்றது சென்னை. 2024 மார்ச்சில் சம்மதக் கடிதம் எழுதிவிட்டுப் பின்வாங்கினீர்கள் என்பது ஒன்றிய அரசின் வாதம். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி தர வேண்டிய தொகையைக் கொள்கையோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று அடுத்த மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படியும், தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 விழுக்காட்டு இடங்களுக்கு அந்த ஆண்டு சேர்க்கை தொடங்கியது அக்டோபரில். கேரளம் அதே அக்டோபரில் கையெழுத்திட்டு, கூட்டணிக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பவும் சில நாளில் நிறுத்திவைத்தது.

இருமொழிக் கொள்கை சரியானது என்று நினைப்பவள் நான். மாறாக நினைப்பவர்கள் தாராளமாக வாதாடட்டும். ஆனால் 6 வயதுப் பிள்ளைக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணத்தை வேறொரு திட்டத்துக்கான கையெழுத்துக்குப் பிணையாகப் பிடித்துவைப்பது அநியாயம். அது யாருடைய பணம் என்றும் பார்க்க வேண்டும். என் வருமான வரியின் மேல் ஆண்டுதோறும் கல்விக்கென்று தனியாக ஒரு தொகை பிடித்தார்கள். 2004இல் தொடக்கக் கல்விக்காக 2 விழுக்காடு என்று ஆரம்பித்தது, 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 விழுக்காடு. அந்த மேல்வரியை மாநிலங்களோடு பகிர வேண்டியதில்லை. அரசமைப்பின் 270ஆவது பிரிவு அப்படி. நான் கட்டியது டெல்லிக்குப் போய்விட்டது. என் பள்ளிக்குத் திரும்பி வர வழி இந்த மாதிரித் திட்டங்கள்தான்.

அதற்காக மாநில அரசைக் கேள்வி கேட்காமல் விட முடியாது. 2025-26 பட்ஜெட்டில் பள்ளிக்கல்விக்கு 46,767 கோடி ஒதுக்கினார்கள். பெரும்பகுதி சம்பளத்துக்குப் போகும், போகத்தான் வேண்டும். மாநிலத்தில் ஏறத்தாழ 24,000 அரசுத் தொடக்கப்பள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் மாநிலமே தன் பங்காக ஜூன் முதல் தேதி 25,000 ரூபாய் கொடுத்தால் மொத்தம் 60 கோடி. அந்தப் பட்ஜெட்டில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. இதற்கு டெல்லியின் கையெழுத்து தேவையில்லை.

ஆசிரியர் கணக்கும் இதே கதைதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது சட்டம். ஆனால் வகுப்புகள் ஐந்து. வட்டார வள மையத்தில் பயிற்சி என்று உதவி ஆசிரியை போன நாளில் ஐந்து வகுப்பும் என் தலையில். ஒன்றாம் வகுப்பை வராந்தாவில் உட்கார்த்தி மணலில் எழுதவிட்டு, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே எமிஸ் செயலியில் வருகைப் பதிவு முடிந்ததா என்று போன் வரும். இப்படி நடக்கும் பள்ளியை விட்டுத் தாய் தகப்பன் தனியார் வேனில் பிள்ளையை ஏற்றிவிட்டால், ஆங்கில மோகம் என்று அவர்களைத் திட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

காமராஜர் காலத்திலும் அரசிடம் பணம் குறைவுதான். நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. மணி, பெஞ்சு, நிலம் என்று ஊரார் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோர் முன்னாலும் கொடுத்தார்கள், என்ன குறை என்பது ஊருக்கே தெரிந்தது. ஆசிரியை சத்தமில்லாமல் பர்ஸைத் திறப்பதில் அந்த வெளிச்சம் கிடையாது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் ஒன்றில், நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மா என்னிடம் கேட்டார்:

“கவர்மென்ட்டு குடுக்க வேண்டியத நீங்க ஏன் டீச்சர் குடுக்குறீங்க? நீங்க குடுத்துட்டா அவங்க எப்பத் தருவாங்க?”

அதன் பிறகு கைக்காசில் செய்த ஒவ்வொரு செலவையும் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன்: தேதி, பொருள், தொகை, மானியம் வராததால் தலைமையாசிரியை கொடுத்தது, பெற்றோர் கையெழுத்து. அந்தப் பணம் எனக்குத் திரும்பவில்லை. ஆனால் தண்ணீர்த் தொட்டி கேட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு கொடுத்தபோது, அந்தப் பக்கங்களைத்தான் ஜெராக்ஸ் எடுத்து இணைத்தோம். தொட்டி வந்தது.

உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அந்தப் புத்தகம் இருக்கும். குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். அடுத்த கிராம சபையில் எழுந்து இவ்வளவு கேளுங்கள்: இந்த வருட மானியம் எவ்வளவு, எந்த மாதம் வந்தது, அதுவரை செலவழித்தது யார்?