பயிற்சி பெற்று வந்தவரும் காரியதரிசியின் கடமையும்

நம் சங்கங்கள் தொழிலாளர்களைப் பயிற்சிக்கு அனுப்புவது புதிதன்று. சேலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தையும் காஞ்சிபுரத்து நெசவாளர் சேவை மையத்தையும் அறியாத அங்கத்தினர் சிலரே. அனுப்பும்போது நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுகிறது, பயணப்படியும் கொடுக்கிறது. திரும்பி வந்தபின், கற்றது என்னவாயிற்று என்று கேட்பாரைத்தான் காணோம்.

சாயப்பட்டறையொன்றில் நாம் கண்டதைக் கூறுவோம். அங்கிருந்து சென்ற தொழிலாளி ஒருவர் வாட் சாயமிடுதலை நன்கு பயின்று வந்தார். நூலின் எடைக்குத் தக்கவாறு சாயத்தை நிறுத்திட வேண்டும். ஒரு வகைச் சாயத்துக்கு 50 முதல் 60 டிகிரி வெப்பம் தேவை, வேறொரு வகைக்குச் சூடு ஆகாது. காற்றுப்பட்டு நிறம் வெளிப்பட்டபின் சிட்டங்களைக் கொதிக்கும் சோப்பு நீரில் அலசியே தீர வேண்டும். இவையனைத்தும் அவருக்குக் கைவந்திருந்தன. பட்டறையில் இருந்ததோ நூல் மூட்டை நிறுக்கும் தராசு. சில கிராம் சாயத்தை அது காட்டாது. வெப்பமானி இல்லவே இல்லை. சோப்பு நீர் கொதிக்க விறகு கேட்டபோது, "இத்தனை நாள் இல்லாத செலவு இப்போது எதற்கு?" என்றார் மேலாளர். மூன்றே வாரத்தில் அவர் பழைய கைப்பிடிக் கணக்குக்குத் திரும்பினார். தீபாவளிக்குப் பின், சாயம் ஒட்டுகிறதென்று சேலைகள் திரும்பி வந்தன. பழி அவர்மீதே விழுந்தது!

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்கத் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கென ஒரு பயிற்சித் திட்டம் நடைபெற்றது. வேலை கற்பித்தலை அதில் நான்கு படிகளாக வகுத்தனர். ஆளை ஆயத்தம் செய்தல், செய்து காட்டல், அவரைச் செய்யவைத்துப் பார்த்தல் ஆகிய மூன்றும் எவருக்கும் தோன்றக்கூடியவை. நாம் கைவிடுவது நான்காவதையே. ஆளை வேலையில் தனியே விட்டபின், ஐயம் எழுந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லிவைத்து, முதலில் அடிக்கடியும் பின்னர் படிப்படியாகக் குறைத்தும் மேற்பார்வையாளர் சென்று பார்க்க வேண்டும் என்பது அப்படி.

நம் தொழிலில் இதற்குக் கூலியும் குறுக்கே நிற்கிறது. ஜக்கார்டில் புதிய புட்டா கற்று வந்த நெசவாளர் முதற்பாவில் பழைய வேகத்தில் நெய்ய இயலாது. சேலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறுபவருக்கு அக்குறைவு வீட்டு அடுப்பைத் தாக்கும். எனவே அவர் பழைய கரையையே கேட்டு வாங்கிச் செல்கிறார். முதல் இரண்டு பாவுகளுக்கேனும் முந்திய மாதக் கூலிக்குக் குறையாமல் சங்கம் ஈடு செய்தல் வேண்டும். நிதி இல்லை என்பார், திரும்பி வந்த சேலைகளுக்கு அளித்த தள்ளுபடியைக் கூட்டிப் பார்ப்பாராக.

விவசாயச் சங்கங்களும் விலக்கல்ல. தானியத்தின் ஈரப்பதம் அளக்கக் கற்றவர் களத்தில் நிற்க, கருவி அலமாரியில் பூட்டிக் கிடப்பதையும் கண்டிருக்கிறோம்.

முன்சொன்ன பட்டறைக்கு இப்போது சிறு தராசும் வெப்பமானியும் வந்துவிட்டன. புதுமுறையை முதலில் ஐந்து கிலோ நூலில் மட்டும் செய்து பார்க்கும்படி காரியதரிசியே கூறி, வாரம் இருமுறை உடனிருந்தார். அத்தொழிலாளி இன்று வேறிருவருக்குக் கற்பிக்கிறார். விறகுக் கணக்கு மட்டும் இன்னும் இழுபறியிலேயே இருக்கிறது.