சத்திரத்துப் பேயும் எழுத்தறியாக் காதலனும்

மலாக்கா மாநிலத்து ஜாசின் மாவட்டத்தில், மெர்லிமாவை அடுத்த செர்காம் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பேய்க்கதை புதிதன்று. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் தனியே நுழைந்தவர்களின் மக்கள் அவர்கள். மரத்தடி முனியாண்டியின் காவல் ஒருபுறம். அண்டை மலாய்க் குடிகள் சொல்லும் பொந்தியானாக், அதாவது பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் ஆவி, மற்றொருபுறம். லயத்து வாசலில் இரவு வேளையில் பேசப்படும் இக்கதைகளில் பேய் வரும், அச்சுறுத்தும், பூசை பெற்றுப் போகும். அதற்கு மேல் அதற்கு வேலை இல்லை.

இன்று அச்சாகும் ஒருவகை நாவலில் பேயின் நிலை வேறு. ஒரு சிற்றூர், அங்கே முறிந்துபோன ஒரு காதல், பாழடைந்த வீடு ஒன்று, அதில் அமைதி பெறாத ஓர் ஆவி, கடைசியில் பிரிந்தவர்க்கு மீண்டும் ஒரு வாய்ப்பு. இவ்வமைப்பு மேனாட்டிலிருந்து வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். நாவல் என்னும் உருவம் வந்ததே தவிர, கதை வரவில்லை. ஔவையாரும் பேயும் பற்றித் தமிழில் வழங்கும் பழங்கதையில் இக்கூறுகள் எல்லாம் உள்ளன. அவற்றோடு மேனாட்டு நாவல்கள் அறியாத ஒன்றும் உண்டு: அக்காதல் முறிந்ததற்குக் காரணம் எழுத்தறியாமை.

கதை பலர் வாயில் பலவாறு வழங்கினும் அதன் நடுவெலும்பு இதுதான். ஓர் அரசகுமாரி மாடத்தில் நின்றபோது வழிப்போக்கனாக வந்த ஓர் அரசகுமாரனைக் கண்டாள். இருவர்க்கும் காதல் அரும்பியது. அன்றிரவு ஊர்ப்புறத்துச் சத்திரத்துக்கு வருமாறு ஓலையில் எழுதி, அவன் முன்னே விழும்படி போட்டாள். அவனோ படிப்பறியாதவன். ஓலையை எடுத்து அருகிலிருந்த தொழுநோயாளன் ஒருவனிடம் காட்டிப் படித்துச் சொல்லக் கேட்டான். உள்ளதை உணர்ந்த அம்மனிதன் பொருளைத் திரித்துக் கூறி அவனை ஊரைவிட்டே போகச்செய்து, இருட்டில் தானே சத்திரத்துக்குச் சென்றான். வந்திருப்பவன் யார் என்று அறிந்த அரசகுமாரி நாணமும் வெறுப்பும் மேலிட உயிர்விட்டாள். பின்னர்ச் செய்தி அறிந்து அரசகுமாரனும் உயிர்விட்டான். அவள் பேயாகி அச்சத்திரத்தைப் பற்றிக்கொண்டாள். அங்கே இராத்தங்கியவர் எவரும் விடியக் கண்டதில்லை. (வஞ்சகத்தைத் தொழுநோயாளன் தலையில் ஏற்றியது அக்காலத்தார் மனப்போக்கு. நோய்க்கும் நெஞ்சுக்கும் தொடர்பில்லை என்பதை வகுப்பில் இக்கதை சொல்லும் ஆசிரியர் ஒரு வார்த்தையாவது சொல்லிவிடுவது நன்று.)

அச்சத்திரத்துக்கு ஒருநாள் ஔவையார் வந்து சேர்ந்தார். பேய் இருப்பதை ஊரார் எடுத்துச் சொல்லியும் கேளாமல், நடந்த களைப்பில் அங்கேயே படுத்துவிட்டார். இரவின் நான்கு யாமங்களிலும் பேய் அவரை வெருட்ட வந்தது. ஒவ்வொரு யாமத்துக்கும் ஒரு வெண்பாவாக நான்கு பாடல்களை ஔவையார் பாடினார்.

நான்கு வெண்பாக்களும் ‘எற்று’ என்னும் சொல்லை அடுக்கியே முடிகின்றன. எற்றுதல் என்றால் உதைத்தல், மோதுதல், ஓங்கி அடித்தல். அலை கரையை எற்றும் என்பது செய்யுள் வழக்கு. ஆகவே பாடல்களின் போக்கு, ‘அடிக்க வேண்டுமானால் என்னை ஏன் அடிக்கிறாய்? அடிக்கத் தக்கவர் இன்னார் இருக்கின்றனர். போய் அவர்களை அடி’ என்பதாகும். பேயை ஓட்ட மந்திரம் சொல்லாமல் அதற்கு முகவரி சொல்லி அனுப்பும் இந்த நகைச்சுவை ஔவையாருக்கே உரியது.

அந்த இன்னார் யார் என்று பார்த்தால்தான் கதையின் ஆழம் தெரியும். முதற்பாட்டு, ஒரு வெண்பாவை இரண்டு முறை கேட்டும் மனத்தில் பதித்துக்கொள்ளாதவனையும், வெள்ளோலையில் கண்டவர் மதிக்கும்படி தன் கையால் எழுத அறியாதவனையும், அவர்களைப் பெற்ற தாயையும் பழிக்கிறது. இரண்டாம் பாட்டு வருந்தி வந்தவர்க்கு ஒன்றும் ஈயாத உலோபியைப் பற்றியது. அவன் ஆசையோடு சேர்த்ததைத் தாயத்தார் கொண்டுபோவர். மூன்றாம் பாட்டு, வானமும் மழையும் கொடையும் இரக்கமும் உலகில் இருக்கும்போதே ‘இளைத்தோம், ஓய்ந்தோம்’ என்று சோர்ந்து கிடப்பவரைச் சாடுகிறது. நான்காம் பாட்டு, பெண்ணின் அன்பில் நெஞ்சம் தோயாத ஆடவனைப் பற்றியது. ஆயிரமாயிரம் ஆண்டு நீரிலே கிடந்தாலும் உள்ளே ஈரம் பற்றாத கிடைக்கு அவன் உவமை. கிடை என்பது நெட்டி. அதன் வெண்டு குளத்து நீரில் மிதந்தே கிடக்கும், உட்புறம் உலர்ந்தே இருக்கும். தண்ணீருக்குள் கிடந்தும் நனையாத பொருளைக் கண்டு பிடித்து உவமையாக்கியவர் குளக்கரையில் வாழ்ந்து பழகியவராகவே இருக்க வேண்டும்.

ஔவையாருக்குப் பேயின் பழைய வரலாறு அப்போது தெரியாது என்றே கதை செல்கிறது. ஆயினும் அவர் பொதுவாகப் பாடிய பழி ஒவ்வொன்றும் அந்தப் பேயின் புண்ணைத் தொடுகிறது. ஓலை படிக்க அறியாதவனால் அவள் கெட்டாள், அது முதற்பாட்டு. மீள வழி தேடாமல் அவளே சோர்ந்து உயிரை விட்டாள். அது மூன்றாம் பாட்டு. தன்னை நாடி அவன் வரவில்லையே என்று ஏங்கியவள், காதலில் ஈரம் பற்றாத ஆணைப் பழிக்கும் நான்காம் பாட்டைக் கேட்டால் என்ன நினைப்பாள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உலோபியைப் பற்றிய இரண்டாம் பாட்டு மட்டும் ஒட்டாததுபோல் நிற்கிறது. ஒருவனுக்கென வைத்த பொருளை வேறொருவன் கொண்டுபோவது என்று அதையும் ஓலையோடு இணைக்கலாம். ஆனால் அது வலிந்து பொருத்துவது. தனித்தனியே வழங்கிய நான்கு பாடல்களுக்குப் பின்னால் வந்தவர் கதை கட்டியிருக்கலாம் என்று ஐயுறுவோர்க்கு இந்த ஒட்டாமையே சான்றாகும். அப்படியே கொண்டாலும், முதற்பாட்டில் ஓலை என்னும் ஒரு சொல்லைக் கண்டு அதிலிருந்து ஒரு காதற்கதையை நெய்தவன் எளியவன் அல்லன்.

பேய் அடங்கித் தன் வரலாற்றைச் சொல்லியது. ஔவையார் இரங்கி, இருவரும் மீண்டும் பிறந்து கூடுமாறு அருளினார். அவள் அரசன் மகளாகவே பிறந்து தமிழ் முற்றக் கற்று, தன்னைப் புலமையில் வெல்பவனையே மணப்பது என்று உறுதி பூண்டாள். அவன் விறகு வெட்டிச் சுமப்பவனாகப் பிறந்தான். ஔவையார் அருளால் பாவன்மை பெற்று, அவளை வாதில் வென்று மணந்தான்.

இக்கதைக்குரிய ஔவையார், அதியமானோடு நட்புப் பூண்ட சங்கப் புலவர் அல்லர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஔவை என்ற பெயரில் வெவ்வேறு காலங்களில் பலர் இருந்தனர். பாடலின் நடையும் சத்திரம் முதலிய செய்திகளும் பிற்காலத்தையே காட்டுகின்றன. 19-ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த தனிப்பாடல் திரட்டைப் போன்ற நூல்கள் வந்திராவிட்டால் இத்தகைய பாடல்கள் பல மறைந்திருக்கும்.

தமிழில் பேயாகிய பெண்கள் வேறு சிலரும் உண்டு. அவர்களோடு வைத்துப் பார்த்தால் சத்திரத்துப் பேயின் தனிச்சிறப்பு விளங்கும். பழையனூர் நீலி கதையிலும் மறுபிறப்பு உண்டு. ஆனால் அங்கே அது பழி தீர்ப்பதற்கு. முற்பிறப்பில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்துவர, நீலி பேயாய் அவனைத் தொடர்ந்து, அவனுக்குப் பிணை நின்ற வேளாளர் எழுபதின்மர் கண்முன்னே மனைவிபோல் நடித்து அவனை அழைத்துச்சென்று கொன்றாள். சொன்ன சொல் தவறாத எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். அந்தப் பழையனூரை ஒட்டிய திருவாலங்காட்டுக்குத்தான் காரைக்காலம்மையாரும் சென்றார். கணவன் பரமதத்தன் அவரைத் தெய்வமென அஞ்சி நீங்கி, பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்கு அம்மையார் பெயரையே இட்டான். மீண்டும் சந்தித்தபோது மனைவியோடும் மகளோடும் அவர் அடியில் விழுந்தான். கணவன் பொருட்டுச் சுமந்த அழகு இனி வேண்டா என்று இறைவனிடம் பேய்வடிவம் கேட்டுப் பெற்றார் அம்மையார். சேக்கிழார் காட்டும் இந்த இரண்டாம் சந்திப்பில் கூடுதல் இல்லை, விடுதலை உண்டு.

மணிமேகலையிலும் முற்பிறப்புக் காதல் திரும்ப வருகிறது. உதயகுமரன் முன்பிறவியில் இராகுலன் என்னும் கணவன் என்பதை மணிபல்லவத்தில் மணிமேகலை உணர்கிறாள். உணர்ந்தும், அப்பிணைப்பை அறுக்கவே அவள் கற்கிறாள். நீலகேசி என்னும் சமணக் காப்பியம் இன்னும் வியப்பானது: பழையனூர் நீலியே முனிச்சந்திரர் என்ற துறவியை வெருட்ட வந்து, அவர் அஞ்சாமை கண்டு அடங்கி, அறம் கேட்டுத் தெளிந்து, சமயவாதிகளை வெல்லும் புலமை மங்கையாகிறாள். 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் இந்நூலைப் பதிப்பித்தார்.

ஆகப் பேய்க்கு மறுவாய்ப்பு என்பது தமிழில் பழிதீர்த்தலாக இருக்கலாம், துறவாக இருக்கலாம், வாதத் திறமையாக இருக்கலாம். காதல் கைகூடும் வாய்ப்பாக அமைந்தது ஔவையார் கதையில்தான். நாடோடி வழக்குச் சமயக் காப்பியத்தைவிட நெஞ்சிளக்கம் உடையது போலும்.

அந்நெஞ்சிளக்கம் காதலனைச் சும்மா விடவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. கதை சொன்னவன் நினைத்திருந்தால் அவனை மீண்டும் அரசகுமாரனாகவே பிறக்கச் செய்திருக்கலாம். அரசனாயிருந்தும் எழுத்தறியாதிருந்த குற்றத்துக்கு அவன் விறகுச் சுமை தூக்க வேண்டியதாயிற்று. எதனால் அவளை இழந்தானோ அதைப் பெற்றபின்பே அவளைப் பெற முடிந்தது.

இப்பகுதியை மலாயாத் தோட்டங்களில் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிராது. 1896-இல் தான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைத் தோட்டமாகப் பயிரிட்ட பின்னர், இம்மாநிலமெங்கும் தமிழ்த் தொழிலாளர் வந்து குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஊரிலிருந்து கடிதம் வந்தால் கிராணியையோ வாத்தியாரையோ தேடிப் போக வேண்டும். மனைவி எழுதச் சொன்னதை அங்கே ஒருவர் எழுதுவார். கணவனுக்கு இங்கே ஒருவர் படித்துக் காட்டுவார். இடையில் நிற்கும் இருவரும் நல்லவராக இருப்பதை நம்பியே ஒரு குடும்பம் கடல்கடந்து வாழ்ந்தது. சொல்லத் தயங்கிய சொற்கள் எழுதப்படாமலே போயிருக்கும். மூன்றாம் மனிதர் காதில் விழக்கூடாதவை எத்தனையோ. 1923-இல் மலாயாவில் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்றது. பல இடங்களில் கங்காணியோ கிராணியோதான் ஆசிரியர். ஒரு கொட்டகைதான் பள்ளி. அங்கே மணலில் ‘அ’ எழுதிய பிள்ளைகள் முதலில் செய்த பெரிய காரியம், தாயின் கடிதத்தைத் தாய்க்கே படித்துக் காட்டியது.

அரசன் மகள் தன் மறுபிறவியில் செய்த ஏற்பாட்டையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். முற்பிறவியில் மாடத்திலிருந்து ஓலையை விட்டெறிந்தவள் அவள். இம்முறை ஓலையே அனுப்பவில்லை. வருபவனை எதிரே நிறுத்தி, பாட்டை அவன் வாயாலேயே கேட்டாள்.