வளவுக்கு வேம்பா, வல்லாரையா?

காத்தான்குடி கடலுக்கும் வாவிக்கும் இடையே அமைந்த மணற்பூமி. கச்சான் வீசும் மாதங்களில், ஊற்றும் நீர் வேரில் தங்காது கீழிறங்கிவிடும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது இக்கரையோரக் கிணறுகள் பல உவர்ப்பாயின. ஆதலின், வளவில் எதை நடுவது என்பதைக் கிணற்று நீரைச் சுவைத்தறிந்தே தீர்மானித்தல் வேண்டும்.

வல்லாரை ஈரத்தை விரும்பும் படர்பூண்டு. கணுத்தோறும் வேர்விடுமாதலால் தண்டுத் துண்டுகளை நட்டாற் போதும். நன்னீர் கிடைப்பின் சில வாரங்களிற் சம்பலுக்கு இலை பறிக்கலாம், உவர்நீருக்கு வாடும். பச்சையாக உண்ணப்படுவதால், கழிவுநீர் தேங்குமிடத்தில் இதனை வளர்த்தலாகாது.

வேம்போ மணலையும் வறட்சியையும் ஓரளவு உவரையும் தாங்கும். நிழல் தரச் சில ஆண்டுகள் செல்லும் என்பது மெய்யே. ஆயினும் கமக்காரருக்கு அதன் பயன் நிழலோடு நிற்பதில்லை. உலர்ந்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, வடித்துக் கத்தரி, மிளகாய்ப் பயிர்களுக்குத் தெளிக்கலாம். வெயில் இதன் வலிமையைக் கெடுக்குமாதலால் மாலையிலேயே தெளிக்குக. வேப்பம் பிண்ணாக்கை யூரியாவுடன் கலந்து வயலுக்கு இட்டால் நைதரசன் வீணாதல் குறையும். வேப்பெண்ணெயைச் சிறு பிள்ளைகளுக்கு உள்ளுக்குக் கொடுத்தல் மட்டும் கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்தாகலாம்.

வேப்பம் விதை சில வாரங்களில் முளைதிறனை இழக்கும். பழம் உதிர்ந்தவுடன் சதை நீக்கி விதைத்து, மாரி மழையோடு கன்றை நடுக. கிணற்றுக்கு அண்மையிற் குழி வெட்டற்க.

ஒரு மரத்துக்கே இடமுள்ள வளவில் நிலத்தை வேம்புக்கு விடுக. வல்லாரைக்கு அடியில் துளையிட்ட பழைய வாளியும், கூட்டெரு கலந்த மண்ணும், நாளுக்கு ஒருமுறை நன்னீரும் போதும்.