காவிரி நுழையும் இன்னொரு வாசல்

மழை பெய்தால் ஆற்றில் அழுக்கு குறைய வேண்டும். புதுத் தண்ணீர் சேரச் சேர, கலந்திருக்கும் கழிவு நீர்த்துப்போகும் என்பது நம் எல்லோருடைய கணக்கு. ஓசூருக்கு அருகே தென்பெண்ணை ஆறு இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. பெங்களூரில் நல்ல மழை கொட்டி, கெலவரப்பள்ளி அணையின் மதகுகளைத் திறந்தால் ஆற்றில் வெண்ணுரை பொங்கி எழுகிறது. நந்திமங்கலம் தரைப்பாலத்தை நுரை மூடிப் போக்குவரத்து நின்ற நாட்கள் உண்டு. காற்றடித்தால் நுரைத் துண்டுகள் பறந்துபோய் வயலில் விழுகின்றன. மறுநாள் நாளிதழில் ‘ரசாயன நுரை’ என்று செய்தி வரும். மழை விட்டதும் நுரை அடங்கும், செய்தியும் அடங்கும்.

ஓசூர், பாகலூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மக்களுக்கு இது பழகிப்போன காட்சி. மழையைச் சாக்காக வைத்துத் தொழிற்சாலைகள் கழிவைத் திறந்துவிடுகின்றன என்பது விவசாயிகளின் குற்றச்சாட்டு. அப்படி நடக்கவே நடக்காது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஒரு தொழிற்சாலைகூட வாயைத் திறக்காத நாளிலும், மழை வந்தால் இந்த ஆறு நுரைக்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள நுரைக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டும்.

குமிழி ஏன் உடைவதில்லை?

சுத்தமான தண்ணீரை எவ்வளவு அடித்துக் கலக்கினாலும் நுரை நிற்காது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், நீரின் மேற்பரப்பு எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே பார்க்கிறது. இதுதான் பரப்பு இழுவிசை. தூய நீரில் இதன் அளவு மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். அந்த இழுப்பில் குமிழி பிறந்த கணமே உடைந்துவிடுகிறது.

சோப்புத்தூளைப் போட்டால் இந்த எண் 30-க்குப் பக்கத்தில் இறங்குகிறது. சோப்புத்தூளில் உள்ள சர்ஃபாக்டன்ட் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. ஆகவே இவை நீரின் மேற்பரப்பில் போய், வாலைக் காற்றுப்பக்கம் நீட்டியபடி வரிசையாக நின்றுகொள்கின்றன. குமிழியின் சுவர் என்பது இப்படிப்பட்ட இரண்டு வரிசைகளுக்கு நடுவே சிறைப்பட்ட மெல்லிய நீர்ப்படலம். அந்தச் சுவர் எங்காவது மெலிந்தால், அந்த இடத்தில் மட்டும் சர்ஃபாக்டன்ட் அடர்த்தி குறைந்து இழுவிசை கூடுகிறது. உடனே பக்கத்திலிருந்து நீரை இழுத்து, மெலிந்த இடத்தைச் சுவரே அடைத்துக்கொள்கிறது. நுரை தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளும் பொருள். இத்தகைய மேற்பரப்புப் படலங்களை முதலில் துல்லியமாக அளந்தவர்களில் ஒருவர் ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண். பல்கலைக்கழகப் படி ஏறாதவர். தன் வீட்டுச் சமையலறையில் செய்த சோதனைகளை அவர் எழுதியனுப்ப, 1891-ல் ‘நேச்சர்’ இதழ் வெளியிட்டது.

ஆக, நுரைக்கு மூன்று வேண்டும்: சர்ஃபாக்டன்ட், காற்று, கலக்கல். அணைக்குள் தேங்கிய நீர் சாதுவாகத் தெரியும். மதகு வழியே விழும்போது காற்றும் கலக்கலும் ஒருசேரக் கிடைத்துவிடுகின்றன. மீதமுள்ள சர்ஃபாக்டன்ட் எங்கிருந்து வருகிறது?

சேற்றில் சேர்ந்த பாக்கி

பெங்களூரின் கிழக்குச் சரிவில் சுமார் 900 ஏக்கரில் கிடக்கிறது பெள்ளந்தூர் ஏரி. அதன் உபரிநீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தட்சிண பினாகினிக்கும் போகிறது. கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்று ஓடும் ஆறுதான் கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து தென்பெண்ணையாகிறது. பெள்ளந்தூரில் 2015-லும் 2017-லும் தீப்பிடித்தது. 2018 ஜனவரியில் மறுபடி பற்றியபோது அணைக்க ராணுவ வீரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்க வேண்டியிருந்தது. சாலைக்கு நுரை பறக்காதபடி ஏரிக்கரையில் வலை கட்டினார்கள்.

இந்த ஏரியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உள்ளே வரும் கழிவுநீர் ஏரியைக் கடக்கப் பத்துப் பதினைந்து நாளாகிறது. அந்த நாட்களில் நீரில் ஆக்சிஜன் இல்லை. இன்றைய சோப்புத்தூளின் முக்கிய சர்ஃபாக்டன்டைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். காற்றில்லாத நீரில் சர்ஃபாக்டன்ட் சிதையாமல் சேற்றோடு ஒட்டிக்கொண்டு அடியில் படிகிறது. ஆண்டுக்கணக்கில் படிந்து, முதலில் வந்த அடர்த்தியைப் போல 200 மடங்கு வரைகூடச் சேர்கிறது. பெருமழை வெள்ளம் அந்தச் சேற்றைக் கிளறும்போது, பழைய பாக்கி மொத்தமும் ஒரே நாளில் நீருக்குத் திரும்புகிறது. சேற்றில் வாழும் சிலவகை பாக்டீரியாக்களும் நுரை எழும்ப உதவுகின்றன. மழைக்கும் நுரைக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

நுரை வெறும் அழகுக்கேடு என்று ஒதுக்கவும் முடியாது. குமிழிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கும் நுண்கிருமிகளும் சில உலோகங்களும் ஒட்டிக்கொள்ளும். கீழே உள்ள நீரைவிட நுரையில் அவை செறிந்திருப்பது வழக்கம். காய்கறித் தோட்டத்தில் பறந்து விழுவது அந்தச் செறிவுதான்.

மலையேறி வந்த காவிரி

இனி இந்தக் கதையின் வியப்பான பகுதி. பெங்களூருக்குக் குடிநீர் எங்கிருந்து வருகிறது? காவிரியிலிருந்து. சுமார் 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்து, ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் உயரத்துக்கு மூன்று கட்டமாக நீரேற்றிக் கொண்டுபோகிறார்கள். முதல் நான்கு கட்டத் திட்டங்களில் நாளொன்றுக்கு 1,450 மில்லியன் லிட்டர். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டத்தில் மேலும் 775 மில்லியன் லிட்டர். நமக்குப் பழகிய அளவில் சொன்னால், மொத்தத் திறன் ஆண்டுக்கு ஏறக்குறைய 29 டி.எம்.சி. வீட்டுக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு குளித்து, துவைத்து, கழுவிச் சாக்கடையாக வெளியேறும்.

பெங்களூரு ஒரு மேட்டின் முகட்டில் உட்கார்ந்திருக்கும் நகரம். மேற்குச் சரிவின் சாக்கடை விருஷபாவதி, அர்க்காவதி வழியாக மறுபடி காவிரிக்கே போகிறது. கிழக்குச் சரிவின் சாக்கடையோ தென்பெண்ணைக்கு வருகிறது. காவிரிப் படுகையில் எடுத்த நீர், சலவை இயந்திரத்துக்குள் புகுந்து புறப்பட்டு, படுகை மாறி வேறோர் ஆற்றில் விழுகிறது. நதிநீர் இணைப்பு என்று எந்த அரசும் அறிவிக்காமலே நடந்துகொண்டிருக்கும் இணைப்பு இது.

தேன்கனிக்கோட்டை வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று இப்போது பாருங்கள். தெற்கே, பழைய தேன்கனிக்கோட்டை வட்டத்திலிருந்து பிரிந்த அஞ்செட்டிப் பகுதியில் பிலிகுண்டுலு. காவிரி தமிழ்நாட்டுக்குள் எவ்வளவு வருகிறது என்று மத்திய நீர் ஆணையம் அளக்கும் இடம். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று அளித்த தீர்ப்பின்படி அங்கே ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வந்தாக வேண்டும், கன அடி குறைந்தால் டெல்லி வரை கேட்கும். அதே தீர்ப்பு பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. நகரத்தின் மூன்றில் ஒரு பங்குதானே காவிரிப் படுகையில் இருக்கிறது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஆனால் அந்த நீர் பயன்படுத்தப்பட்ட பிறகு எந்த ஆற்றில், எந்த நிலையில் விழ வேண்டும் என்பது அந்த வழக்கின் விவகாரமாகவே இல்லை. வடக்கே கொடியாளத்தில் காவிரியின் இன்னொரு பங்கு சோப்பு நுரையோடு உள்ளே வருகிறது. தெற்கு வாசலில் ஒவ்வொரு கன அடிக்கும் இரு மாநிலங்களும் மல்லுக்கு நிற்கின்றன. வடக்கு வாசலில் அந்த வேகம் இல்லை.

மருந்து தெரியாத நோயா?

கழிவுநீருக்குள் காற்றை ஊதினால் பாக்டீரியாக்கள் பெருகி அழுக்கைத் தின்றுவிடும் என்பதை எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் ஆகிய இருவரும் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1914-லேயே நிறுவிக் காட்டினார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவர் கில்பர்ட் ஃபவுலர். அவர் 1916-ல் எங்கே வேலைக்கு வந்தார் தெரியுமா? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு! கழிவுநீருக்கான மருந்தைக் கண்டவர்களின் ஆசானே வந்து பாடம் நடத்திய ஊர் அது. ஒழுங்காகக் காற்று ஊதும் நிலையத்தில், இன்றைய சோப்புத்தூள் சர்ஃபாக்டன்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அழிந்துவிடும்.

நுரைக்கும் உலகம் ஒருமுறை வைத்தியம் பார்த்திருக்கிறது. 1950-களில் புதிதாக வந்த சோப்புத்தூளின் மூலக்கூறு கிளைவிட்ட வால் கொண்டது. பாக்டீரியாவால் அதைக் கடிக்க முடியவில்லை. ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆறுகள் நுரைத்தன. ஜெர்மனி 1961-ல் சட்டம் போட்டது. குறைந்தது 80 விழுக்காடு சிதையாத சோப்புப்பொருளை 1964 அக்டோபருக்குப் பிறகு விற்கக் கூடாது என்றது. ஆலைகள் நேரான வால் கொண்ட மூலக்கூறுக்கு மாறின. சில ஆண்டுகளில் நுரைமலைகள் கரைந்தன. நாம் இன்று வாங்குவது அந்த நல்ல மூலக்கூறுதான். காற்று ஊதாத சாக்கடையில் விட்டு, அதையும் பழைய மூலக்கூறைப் போலாக்கிவிட்டோம்.

சட்டம் எங்கே சறுக்குகிறது?

நம் நாட்டில் 1974-லேயே நீர் மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்குள் தகராறு வந்தால் தீர்த்துவைப்பது மத்திய வாரியத்தின் கடமை என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. அரசுத் துறையே மாசு செய்தால் துறைத் தலைவரே குற்றவாளியாகக் கருதப்படுவார் என்றது 48-ஆம் பிரிவு. ஏட்டில் பல் கூர்மைதான். நடைமுறையில், தனியார் ஆலைக்கு நோட்டீஸ் ஒட்டும் வாரியம், நகரத்தின் மொத்தச் சாக்கடைக்குப் பொறுப்பான அரசு அமைப்பை என்ன செய்துவிட முடியும்? இரண்டுக்கும் ஒரே அரசுதான் எஜமான். கர்நாடக வாரியத்தின் அதிகாரம் எல்லையில் முடிகிறது; கெடுதல் எல்லைக்கு இப்பால் விளைகிறது. பெள்ளந்தூருக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடியும் இழப்பீடு விதித்து, சீரமைப்புக்கு 500 கோடியை ஒதுக்கிவைக்கச் சொன்னது. ஒரு ஏரிக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது.

அளவுகோலும் இளகியது. சுத்திகரித்த கழிவுநீரில், மிச்சமிருக்கும் அழுக்கைக் காட்டும் உயிரிய ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று 2015-ல் மத்திய அரசு வரைவு வெளியிட்டது. 2017-ல் இறுதி அறிவிப்பு வந்தபோது பெருநகரங்களுக்கு 20, மற்ற ஊர்களுக்கு 30 என்று தளர்ந்திருந்தது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத்தான் மறுபடி இறுக்கச் சொன்னது.

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்நிலைகளை ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. கடைசி வகையான ‘இ’ பாசனத்துக்கு. அதற்குப் பார்க்க வேண்டியவை நான்கு: அமில-காரத் தன்மை, உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன், சோடியம் விகிதம், போரான். கரைந்த ஆக்சிஜன் இல்லை, மலக்கிருமி இல்லை, சர்ஃபாக்டன்ட் இல்லை. நுரை பொங்கும் தண்ணீரும் இந்த நான்கில் தேறிவிட்டால் பாசனத்துக்கு ஏற்றது என்ற பெயரை வாங்கிவிடலாம். கீரையும் தக்காளியும் முட்டைக்கோசும் விளையும் பகுதிக்கு இது போதுமா?

தமிழ்நாட்டுப் பக்கமும் கை சுத்தமில்லை. எல்லைக்கு இப்பால் ஓசூர் தொழிற்பேட்டைகளும் பெருகும் குடியிருப்புகளும் விடும் கழிவுக்குக் கர்நாடகத்தைக் குறை சொல்ல முடியாது. கெலவரப்பள்ளிக்குக் கீழே கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், கடலூர் வரை அதே ஆறுதான் போகிறது. அதிகம் மாசு செய்யும் 17 வகை ஆலைகள் தங்கள் கழிவை இணையவழித் தொடர் கருவிகளால் அளந்து காட்ட வேண்டும் என்று 2014-ல் மத்திய வாரியம் உத்தரவிட்டது. முலாம் பூசும் சிறு பட்டறைகள் பெரும்பாலும் அந்த வளையத்துக்குள் வருவதில்லை. சர்ஃபாக்டன்டுக்கு நுரை உண்டு, அதனால் கண்ணில் படுகிறது. அந்தப் பட்டறைகள் விடும் குரோமியமும் நிக்கலும் நுரைக்காது.

கேட்க வேண்டியவை மூன்று. கெலவரப்பள்ளிக்கு இன்று எத்தனை கன அடி வருகிறது என்று சொல்லும் அறிவிப்பிலேயே, கொடியாளத்தில் நீரின் கரைந்த ஆக்சிஜனும் சர்ஃபாக்டன்ட் அளவும் என்ன என்று தமிழிலும் கன்னடத்திலும் தினமும் வெளியிட வேண்டும். குடிநீருக்கு ஏற்கனவே சர்ஃபாக்டன்ட் வரம்பு வைத்திருக்கிற நாடு, பாசன நீருக்கும் அதையும் மலக்கிருமி வரம்பையும் சேர்க்க வேண்டும். இரு மாநிலங்களும் தென்பெண்ணை நீரைப் பங்கிட்டுக்கொள்வது பற்றிய பேச்சில் டி.எம்.சி.யோடு தரத்தையும் ஒரு நிபந்தனையாக வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த வைத்தியத்தைச் செய்யாமல் விட்டது அரசுகளின் தவறு. அதைச் செய்யவைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் வேலை.