தேவ்லாலி ஆசிரியரின் எண் விளையாட்டு

நான்கு இலக்கங்களைக் கொண்ட ஓர் எண்ணை ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அது பிறந்த ஆண்டாகவோ, சாலையில் கண்ட ஊர்தியின் எண்ணாகவோ இருக்கலாம். ஒரே ஒரு கட்டுப்பாடுதான் உண்டு: நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தல் கூடாது. 3333, 7777 போன்ற எண்கள் இவ்விளையாட்டுக்கு உதவமாட்டா.

இனி அந்த இலக்கங்களை இறங்கு வரிசையில் அடுக்கினால் ஒரு பெரிய எண் கிடைக்கும். ஏறு வரிசையில் அடுக்கினால் ஒரு சிறிய எண் கிடைக்கும். பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும். வந்த விடையைக் கொண்டு அதே செயலை மீண்டும் செய்ய வேண்டும். எடுத்துக்காட்டாக, 3524 என்னும் எண்ணைக் காண்போம்.

5432 − 2345 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174
7641 − 1467 = 6174

மூன்றாம் படியில் 6174 வந்தது. நான்காம் படியிலும் அதுவே வந்தது. இனி எத்தனை முறை கழித்தாலும் விடை மாறாது. இந்தியா விடுதலை பெற்ற ஆண்டாகிய 1947இல் தொடங்கினால் என்ன ஆகும்?

9741 − 1479 = 8262
8622 − 2268 = 6354
6543 − 3456 = 3087
8730 − 0378 = 8352
8532 − 2358 = 6174

தொடங்கிய எண் வேறு; கடந்த பாதை வேறு; ஆயினும் சென்று சேர்ந்த இடம் ஒன்றே. 2005 என்னும் எண் சற்று நெடிய பாதையில் செல்லும். அது 5175, 5994, 5355, 1998, 8082, 8532 என்னும் எண்களைக் கடந்து ஏழாம் படியில் 6174ஐ அடையும். ஏழு படிகளுக்கு மேல் எந்த எண்ணும் எடுத்துக்கொள்வதில்லை.

விளையாடும்போது ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். விடையில் மூன்று இலக்கங்களே வந்தால், முன்னே ஒரு சுழியத்தைச் சேர்த்து நான்கு இலக்கங்களாகவே எழுத வேண்டும். 1000 − 0001 என்பதன் விடையை 0999 என்று எழுதினால்தான் விளையாட்டு தொடரும். சுழியத்தை விட்டுவிட்டால் 999 − 999 = 0 என்று முடிந்துவிடும்.

கண்டறிந்தவர் யார்?

இவ்வியல்பைக் கண்டறிந்தவர் தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர். இவர் 1905ஆம் ஆண்டு மகாராட்டிரத்தில் உள்ள தஹாணு என்னும் ஊரில் பிறந்தார். புனே நகரத்து ஃபெர்குசன் கல்லூரியில் பயின்றார். 1929ஆம் ஆண்டு மும்பைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற்றார். அதன்பின் மேற்படிப்பு எதுவும் அவர் படிக்கவில்லை. நாசிக் நகருக்கு அருகில் படைவீரர் குடியிருப்புகள் நிறைந்த தேவ்லாலி என்னும் சிற்றூரில் பள்ளி ஆசிரியராகச் சேர்ந்தார். 1930 முதல் 1962 வரை அங்கேயே பணியாற்றினார்.

அவரிடம் கணிப்பொறி இல்லை, ஆய்வுக்கூடமும் இல்லை. தாளும் எழுதுகோலுமே அவருடைய கருவிகள். ஓய்வு நேரங்களில் எண்களைக் கூட்டியும் கழித்தும் பெருக்கியும் அவற்றின் இயல்புகளைத் தேடினார். 6174 பற்றிய செய்தியை 1949ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அவர் அறிவித்தார். ஆகவே, இவ்வெண்ணின் புகழ்ப் பயணம் தமிழ் மண்ணிலிருந்தே தொடங்கியது எனலாம்.

ஆயினும், அவருடைய பணி உடனே மதிக்கப்படவில்லை. இவை வெறும் விளையாட்டுகள் என்று ஒதுக்கிய கணித அறிஞர்கள் நம் நாட்டிலேயே இருந்தனர். அவர் தம் கட்டுரைகள் பலவற்றைச் சிறிய இதழ்களிலும் தாமே அச்சிட்ட நூல்களிலும் வெளியிட நேர்ந்தது. 1975ஆம் ஆண்டு மார்ட்டின் கார்ட்னர் என்னும் அமெரிக்க எழுத்தாளர், தாம் ஓர் அறிவியல் இதழில் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதியில் கப்ரேக்கரைப் பற்றி எழுதினார். அதன்பின் உலகெங்கும் உள்ள கணித ஆர்வலர்கள் அவரை அறிந்தனர். இன்று 6174 என்னும் எண் ‘கப்ரேக்கர் மாறிலி’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் 1986ஆம் ஆண்டு மறைந்தார்.

ஏன் இவ்வாறு நிகழ்கிறது?

பத்து எண்களைச் சோதித்து, பத்தும் 6174இல் முடிந்தால் வியப்பு உண்டாகும். ஆனால், பதினோராவது எண்ணும் அவ்வாறே முடியும் என்பதற்கு அது சான்று ஆகாது. ‘ஏன்?’ என்று கேட்கும்போதுதான் விளையாட்டு கணிதமாக மாறுகிறது.

ஓர் எண்ணின் நான்கு இலக்கங்களையும் இறங்கு வரிசையில் அடுக்கியதாகக் கொள்ளுங்கள். மிகப் பெரிய இலக்கம் பெரிய எண்ணில் ஆயிரமாம் இடத்திலும், சிறிய எண்ணில் ஒன்றாம் இடத்திலும் நிற்கும். மிகச் சிறிய இலக்கம் இதற்கு நேர்மாறாக நிற்கும். ஆகவே, கழிக்கும்போது இவ்விரண்டு இலக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு 999ஆல் பெருக்கப்படுகிறது; ஏனெனில், 1000 − 1 = 999. நடுவில் உள்ள இரண்டு இலக்கங்கள் நூறாம் இடத்திலும் பத்தாம் இடத்திலும் இடம் மாறி நிற்கின்றன. அவற்றின் வேறுபாடு 90ஆல் பெருக்கப்படுகிறது; ஏனெனில், 100 − 10 = 90.

எனவே, விடையைத் தீர்மானிப்பவை இரண்டே வேறுபாடுகள். ஒன்று, வெளி இலக்கங்களின் வேறுபாடு; மற்றொன்று, நடு இலக்கங்களின் வேறுபாடு. 7641ஐ எடுத்துக்கொண்டால், வெளி வேறுபாடு 7 − 1 = 6; நடு வேறுபாடு 6 − 4 = 2.

6 × 999 = 5994
2 × 90 = 180
5994 + 180 = 6174

வெளி வேறுபாடு 1 முதல் 9 வரை இருக்கலாம். நடு வேறுபாடு வெளி வேறுபாட்டை விட மிகுதியாக இருக்க முடியாது. வெளி வேறுபாடு 1 எனில், நடு வேறுபாடு 0 அல்லது 1 ஆகும். இதில் இரண்டு வாய்ப்புகள் உள்ளன. வெளி வேறுபாடு 2 எனில் மூன்று வாய்ப்புகள். இவ்வாறே வளர்ந்து, வெளி வேறுபாடு 9 எனில் பத்து வாய்ப்புகள் கிடைக்கும். 2 முதல் 10 வரை உள்ள எண்களைக் கூட்டினால் 54 வரும்.

இங்கேதான் மறைபொருள் வெளிப்படுகிறது. 0000 முதல் 9999 வரை பத்தாயிரம் எண்கள் உள்ளன. எல்லா இலக்கங்களும் ஒன்றாக உள்ள பத்து எண்களை நீக்கினால் 9990 எஞ்சும். அந்த 9990 எண்களும் முதல் கழித்தலிலேயே 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. பெரிய ஏரியின் நீர் ஒரு சிறு மதகின் வழியே பாய்வதைப் போன்றது இது. எனவே, 9990 எண்களையும் சோதிக்கத் தேவையில்லை. 54 எண்களைச் சோதித்தாலே போதும். அவை அனைத்தும் 6174இல் முடிவதைக் கையாலேயே கணக்கிட்டு அறியலாம். மூன்று மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்குப் பதினெட்டு எண்கள்தாம். முன்பே சோதித்த ஓர் எண் இடையில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம் என்பதால் வேலை மேலும் குறையும்.

எங்கும் இது பொருந்துமா?

மூன்று இலக்க எண்களுக்கும் இத்தகைய ஓர் எண் உண்டு. அது 495. இரண்டு இலக்க எண்களிலோ நிலைமை வேறு.

90 − 09 = 81
81 − 18 = 63
63 − 36 = 27
72 − 27 = 45
54 − 45 = 09

ஒன்பதில் தொடங்கி ஒன்பதிலேயே முடிந்தது. செக்குமாடு சுற்றிவருவது போல இவ்வெண்கள் சுற்றிக்கொண்டே இருக்கும், ஓரிடத்தில் நிற்பதில்லை. ஐந்து இலக்க எண்களும் ஒரே எண்ணில் நிலைகொள்வதில்லை. 53955இல் தொடங்கினால் 59994 வரும். அதிலிருந்து மீண்டும் 53955 வரும். ஓரிடத்தில் பொருந்தும் விதி எல்லா இடங்களிலும் பொருந்தும் என்று சோதிக்காமல் நம்பக்கூடாது என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

அவர் சூட்டிய பெயர்கள்

கப்ரேக்கர் வேறு பல எண் வகைகளையும் கண்டறிந்து அவற்றுக்குப் பெயர் சூட்டினார். தன் இலக்கங்களின் கூடுதலால் மீதியின்றி வகுபடும் எண்ணை அவர் ‘ஹர்ஷத எண்’ என்றார். மகிழ்ச்சி தருவது என்பது அவ்வடசொல்லின் பொருள். கணித மேதை இராமானுசனின் பெயரோடு இணைந்து வழங்கும் 1729 என்னும் எண்ணும் இவ்வகையைச் சேர்ந்ததே. அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19 வரும்; 19 × 91 = 1729.

45 என்னும் எண்ணின் வர்க்கம் 2025. அதை 20, 25 என்று பிரித்துக் கூட்டினால் மீண்டும் 45 கிடைக்கும். இத்தகையவை ‘கப்ரேக்கர் எண்கள்’ எனப்படும்.

ஓர் எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினால் புதிய எண் ஒன்று பிறக்கும். 21 + 2 + 1 = 24 ஆதலால், 24க்கு 21 தாய் எண் எனலாம். ஆனால், 20க்குத் தாய் எண் இல்லை. எந்த எண்ணோடு அதன் இலக்கங்களைக் கூட்டினாலும் 20 வருவதில்லை. 31, 42, 53 ஆகியவையும் அத்தகையவை. இவை ‘சுய எண்கள்’ எனப்படும். இவற்றுக்குக் கப்ரேக்கர் தாம் பணியாற்றிய ஊரின் பெயரையே சூட்டி, ‘தேவ்லாலி எண்கள்’ என்று அழைத்தார்.

பெரும் பல்கலைக்கழகங்கள் இருக்கும் நகரங்களில்தான் அறிவு வளரும் என்று பலரும் எண்ணுகின்றனர். பிழைப்புக்காகச் சென்று தங்கிய ஒரு சிற்றூரில் இருந்துகொண்டே, தாளும் எழுதுகோலும் மட்டும் கொண்டு, உலகம் நினைவில் வைத்திருக்கும் ஓர் எண்ணைக் கண்டார் கப்ரேக்கர். ஏளனத்துக்கு அவர் சொல்லால் விடை கூறவில்லை. கணக்கைத் தொடர்ந்து செய்தார். அவர் வாழ்ந்த ஊரின் பெயரும் எண்களோடு சேர்ந்து நிலைத்துவிட்டது.

சொல்லும் பொருளும்

இலக்கம் – எண்ணை எழுதப் பயன்படும் 0 முதல் 9 வரையுள்ள குறி
மாறிலி – மாறாத மதிப்புடையது
மதகு – ஏரிநீரை வெளியேற்றும் வாயில்
செக்கு – மாடு பூட்டி எண்ணெய் ஆட்டும் பொறி
வர்க்கம் – ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவது
ஏளனம் – இகழ்ச்சி

பயிற்சி

1. 6174 என்பதை ‘ஆறாயிரத்து நூற்று எழுபத்து நான்கு’ என்று எழுத வேண்டும். இவ்வாறே 495, 1729, 2025, 8352 ஆகிய எண்களைத் தமிழ்ச் சொற்களில் எழுதி, உரக்கப் படிக்க.
2. உங்கள் பிறந்த ஆண்டில் தொடங்கினால் எத்தனையாவது படியில் 6174 கிடைக்கிறது? படிகளை எழுதிக் காட்டுக.
3. 9990 எண்களைச் சோதிப்பதற்கு மாறாக 54 எண்களைச் சோதித்தால் போதும் என்பதன் காரணத்தை ஐந்து வரிகளில் விளக்குக.
4. 55, 297 ஆகியவை கப்ரேக்கர் எண்களா? கணக்கிட்டுக் கூறுக.
5. புதிய எண் விளையாட்டு ஒன்றை உருவாக்குக. நீங்கள் வாழும் ஊரின் பெயரையோ, உங்கள் பெற்றோர் பிறந்த ஊரின் பெயரையோ அதற்குச் சூட்டி, வகுப்பில் விளக்குக.