பழைய முறைமையும் ஒரு கல்வெட்டும்

கணினிக்குப் புதிய பணிசெயல் முறைமையை ஏற்றுவோர் பலர். நடப்பிலுள்ளதை விலக்கி, காலங்கடந்த ஒன்றை மீண்டும் குடியேற்றுவோரும் உளரோ என வாசகர் வினவலாம். நெளுக்குளத்திலுள்ள எங்கள் இல்லத்தில் நான் அதனையே செய்தேன். செய்ததற்குக் காரணமும் உண்டு.

எங்கள் சமூகத்தில் ஒருவர் மறைந்தால், முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் ஒன்றை அச்சிட்டு வழங்குவது வழக்கம். அதனைக் கல்வெட்டு என்போம். மறைந்தவரின் வரலாறும் இரங்கற் பாக்களும் மாத்திரமன்றி, மூன்று நான்கு தலைமுறைகளின் வமிசாவளியும் அதில் இடம்பெறும். 2003 ஆம் ஆண்டில் எங்கள் தந்தையாரின் கல்வெட்டை என் தமையனார் வீட்டுக் கணினியிலேயே பக்கம் அமைத்தார். கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் சென்ற பிரதிகள் 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வில் மறைந்தன. எம்மிடமிருந்ததைக் கறையான் அரித்தது. வமிசாவளியை வாய்மொழியாகச் சொல்லக்கூடிய பெரியம்மாவும் இன்றில்லை. எஞ்சியது கணினிக் கோப்பு ஒன்றே.

அக்கோப்போ பேஜ்மேக்கர் என்னும் மென்பொருளில், பாமினி எழுத்துருவில் அமைந்தது. பேஜ்மேக்கரின் இறுதிப் பதிப்பு 2001 இல் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்ததும் அவ்வாண்டிலேதான். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துரு. அது இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்னும் சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே தோன்றும். வெறும் எழுத்தாயின் யூனிகோட்டுக்கு மாற்றிவிடலாம். பக்கமாகக் கட்டிய கோப்பைத் திறப்பதற்கோ அதற்குரிய மென்பொருளே வேண்டும். ஆதலின், அம்மென்பொருளுக்கு அதன் காலத்துச் சூழலையே அமைத்துக் கொடுக்க எண்ணினேன்.

முதற்பணி பிரதி எடுத்தல். முறைமையை மீள நிறுவுகையில் வன்தட்டைத் துடைக்க நேரும். ஆகவே கோப்பை இரு வேறு பென்டிரைவ்களிற் சேமித்தேன். அடுத்து, சாட்டா வகை வன்தட்டை எக்ஸ்பியின் பழைய இறுவட்டு இனங்காணாது. அதற்காகப் பயோஸ் அமைப்பில் வன்தட்டின் முறையை ஐடிஈ என மாற்றினேன். பின்னர் இறுவட்டிலிருந்து கணினியைத் தொடக்கி, நீலத்திரையிலே எஃப் 8 விசையால் உடன்பாடு தெரிவித்து, இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட உரிமக் குறியீட்டையும் பதித்தேன். இறுதியாக எழுத்துருவும் மென்பொருளும் ஏறின.

இணையத் தொடர்பை மாத்திரம் கொடுக்கவில்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 ஆம் நாளோடு முடிவுற்றது. காவலற்ற வீட்டின் கதவைத் திறந்துவைத்தல் அறிவுடைமையாகாது. புதிய கணினியினுள்ளேயே மெய்நிகர் இயந்திரம் அமைத்துப் பழைய முறைமையை இயக்குவதும் நல்வழியே. எங்கள் பழைய கணினி சும்மா கிடந்தமையால் நான் இவ்வழியைக் கொண்டேன்.

கோப்பு திறந்தது. தந்தையாரின் பாட்டியார் பெயர் இன்னதென்று எங்கள் வீட்டில் எவரும் அறியாதிருந்தோம். வமிசாவளியின் இரண்டாம் வரிசையில் அப்பெயர் இருந்தது. கடல்கடந்து வாழும் என் மருமகள் தன் பெண்குழந்தைக்கு அதனையே சூட்டினாள்.

1887 ஆம் ஆண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்தார்கள். ஏட்டைப் பேணுவதோடு அமையாது, அதனைக் காலத்துக்கேற்ற வடிவிற் பெயர்த்தமையாலேயே அது வாழ்ந்தது. கணினிக் கோப்புக்கும் அவ்விதியே. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் ஆவணப்படுத்தி வருகின்றது. பழைய வன்தட்டு வைத்திருப்போர் அதனை எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பார்ப்பாராக. அதில் உறங்குவது யாருடைய பெயரோ, யாரறிவார்?